ஒரே லாட்

அப்பா விட்டுப்போனதில் சண்டையில்லாமல் பிரிந்தது
இந்த ஸ்பீக்கர் ஜோடி மட்டும்தான்.
ஆளுக்கொன்று.
இடது எனக்கு, பெரம்பூரில்.
வலது எட்வினுக்கு, பள்ளிக்கரணையில்.
அதன் தலையில் மீன்தொட்டி வைத்திருப்பதாகக் கேள்வி.

ஏழு வருடம் ஒற்றைக் காதால் கேட்டேன்.
வயலின் இருக்கும், பதில் சொல்லும் மிருதங்கம் இருக்காது.
பழகிவிட்டது.

சித்திரை வெயிலில் ஒருநாள்
முகத்துணியைக் கழற்றினால்
வூஃபரின் ஃபோம் வளையம்
டீயில் ஊறிய பிஸ்கட்டாய் விரலோடு வந்தது.
உப்புக்காற்று இரும்பைத்தான் தின்னும்
என்று நினைத்திருந்தேன்.

பின்பலகையில் எட்டு ஸ்க்ரூ.
உள்ளே அரிப்பெடுக்கும் கண்ணாடிப் பஞ்சு,
ஒரு கரப்பான் முட்டைக்கூடு,
அதற்கடியில் கிராஸ்ஓவர்:
கீச்சுக்குரல் இந்தப் பக்கம், கனத்த குரல் அந்தப் பக்கம்
என்று பிரித்தனுப்பும்
கைக்கடக்கமான சர்வேயர்.
கெபாசிட்டரின் மேல் 4.7 என்று அச்சிட்டிருந்தது.
மீட்டர் 7.2 என்றது.
நாற்பத்துச் சொச்சம் வருடத்தில்
எல்லை இவ்வளவு நகர்ந்திருக்கிறது,
யாரும் வேலியைத் தொடாமலே.

ரிச்சி தெருவில் கால்வாய்க்கு வெட்டிய பள்ளம் தாண்டி
மாடியில் ஹிதேஷ் கடை.
"ஒண்ணா? ஒத்தையா எடுக்காதீங்க மேடம்.
ஒரே லாட்ல ஜோடியா எடுங்க.
அடுத்த மாசம் வந்தா வேற லாட், அளவு சேராது."
நான் விளக்கம் சொல்லவில்லை.
எல்லாவற்றிலும் இரண்டிரண்டு எடுத்தேன்.

நைட் டூட்டி முடிந்த பகலில்
ஃபேனை நிறுத்திவிட்டு
வியர்வை சொட்டச் சொட்ட ஈயம் உருக்கினேன்.
புதுசு குத்தியது.
ஒவ்வொரு ஜால்ராவும் பல்லில் பட்டது.
பிறகுதான் உறைத்தது:
பழசு காய்ந்து காய்ந்து
தனக்குள்ளே கொஞ்சம் தடையைச் சேர்த்து வைத்திருக்கிறது,
அதையும் குரலென்றே காது எடுத்துக்கொண்டிருக்கிறது.
ஒரு ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்தேன்.
அடங்கியது.
முழுச் சுத்தம் யாருக்கும் ஆகாது போல.

அன்றைக்குத்தான் அந்த கேசட்டைப் போட்டேன்.
எங்கள் சபைப் பாடகர் குழு, தொண்ணூற்றொன்று, கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு.
பெண்கள் இடப்பக்கம். என் பெட்டி முழுக்கப் பெண்கள்.
சரணத்தின் நடுவே யாரோ பக்கம் புரட்டுகிறார்கள்,
ஒரு வளையல் பெஞ்சில் இடிக்கிறது,
இதெல்லாம் எனக்குப் புதுசு.
அவர்கள் நிறுத்தி ஆண்கள் எடுக்கும் இடத்தில்
என் அறை காலியானது.
வெகு தூரத்தில், வேறு மைக்கிலிருந்து கசிந்ததுபோல்,
ஒரு இருமல்.
அப்பா வலப்பக்க வரிசையில் நிற்பார்.

சாப்பாட்டுப் பையில் சால்டரிங் அயர்ன்,
இரண்டு பஸ் மாறி பள்ளிக்கரணை.
கதவைத் திறந்த எட்வின்
என்னைப் பார்க்காமல் பையைப் பார்த்தான்.
"கெபாசிட்டர்," என்றேன்.
மீன்தொட்டியை இறக்க அரை மணி.
பக்கெட்டில் நான்கு மீன்கள், எங்களைப் போலவே
எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல்.
தேக்கு மேல்பலகையில் வெள்ளையாய் நீர்வளையம்.
அதற்கு அவன் ஏதோ சொல்ல வந்தான், விட்டுவிட்டான்.

வயரில் சிவப்பு அடையாளம் அழிந்திருந்தது.
மாற்றிக் கொடுத்தால் ஒன்று முன்னே தள்ளும்போது
இன்னொன்று பின்னே இழுக்கும்.
இரண்டும் உழைக்கும், நடுவில் பாஸ் செத்துப்போகும்.
சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி
முனைகளில் தொட்டேன்.
போன் டார்ச்சைப் பிடித்தபடி அவன் குனிந்தான்.
"வெளியே வருதா?"
"உள்ளே போகுது."
மாற்றித் தொட்டேன்.
"இப்ப வருது."

முடித்தபோது கடிகாரம் பதினொன்று நாற்பதில் நின்றிருந்தது.
பேட்டரியை யாரும் திரும்பப் போடவில்லை.
எட்வின் பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்து
கனத்தைக் கணக்கிட்டுவிட்டுக் கேட்டான்:
"உன்னோடது ஆட்டோவுல அடங்குமா?"